மீந்துபோன ஒரு பொட்டலம்

கெடுங்சாரி,
ஜூலை 14

அன்புள்ள தம்பி ஹானுங்குக்கு,

அக்கா வினார்சி எழுதுவது. நான் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் எனக்குக் கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் போடு. அந்த மஞ்சள் முகப் படங்களை அனுப்பி என்னை ஏமாற்றாதே.

நீ அனுப்பிய திட்டம் வந்து சேர்ந்தது. அடேயப்பா, நாற்பத்தாறு பக்கம்! மரவள்ளிக் கிழங்கை உரித்து, அரைத்து, மாவெடுத்துக் காயவைக்கிற ஓர் ஆலையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதலாம் என்று அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். இரண்டு வருஷம் அந்தக் குளிர் தேசத்தில் போய்ப் படித்தது வீண்போகவில்லை. நம்மிடம் மாவு வாங்குகிற வெளிநாட்டு நூடுல்ஸ் கம்பெனிக்காரர்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றையும் ஆளையும் கெடுக்காமல் தொழில் செய்கிறோம் என்று எழுதிக் காட்டாத ஆலையிலிருந்து இனி வாங்குவதில்லையாம். நம் மாவில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான் போகிறது. அவர்கள் கைவிட்டால் கிழங்கு உரிக்கிற அறுபது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

திட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் நாலு பக்கம் என்று படித்தேன். மேஸ்திரி திரிமோ அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "தம்பி நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா அறுபது பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து பேசுற பேச்சு மட்டும் எந்தப் பக்கத்துலயும் காணோமே" என்றார்.

பேச்சைப் பற்றி அவர் சொன்னது சரிதான். நீ சொன்னபடி உரிக்கிற இடத்தில் ஆளுக்கொரு முக்காலி வாங்கிப் போட்டேன். அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் பழையபடி தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். கையுறை கொடுத்தால் கத்தி வழுக்குகிறதாம். குறை சொல்வதற்கென்று பூட்டுப்போட்ட பெட்டி ஒன்றை வாசலில் மாட்டினேன், இருபத்திரண்டாம் பக்கத்தில் உள்ளபடி. மாதக் கடைசியில் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு சுன்னத்து விருந்து அழைப்பு, "இபு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு. இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற முதலாளியிடம் குறை சொல்வது நம் ஊரில் யாருக்கு வரும்? மாவெடுத்த திப்பியை மாட்டுத் தீவனத்துக்கும் தோலை எருவுக்கும் ஒழுங்காகப் பிரித்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் திட்டம் நடக்கிறது.

முப்பத்தொன்றாம் பக்கத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளத்தை மட்டும் இந்தப் பருவம் முடிந்த பிறகு தோண்டலாம் என்று வைத்திருக்கிறேன். இப்போது ஆலை ஓடுகிற மும்முரத்தில் யார் தோண்டுவது?

அப்புறம் அந்த "ஊராரைக் கலந்து பேசுதல்". அதையும் குறைவில்லாமல் செய்தேன். நம் ஆலைத் தண்ணீர் போகிற கால்வாய்க்குக் கீழே மீன்குளம் வைத்திருக்கிற வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஆண்களை நம் வீட்டுக் கந்தூரி விருந்துக்கு அழைத்தேன். பள்ளிவாசல் மோதினார் வந்து துஆ ஓதினார். மஞ்சள் சோறு, கோழி, அவித்த முட்டை, தேங்காய் போட்டுப் பிசைந்த கீரை. நான் உள்ளே பெண்களோடு அடுப்படியில் இருந்தேன். திரிமோ அண்ணன்தான் உன் திட்டத்தைச் சுருக்கி வாசித்தார். ஒவ்வொரு பத்திக்கும் எல்லாரும் "சரிங்க, சரிங்க" என்றது அடுப்படிவரை கேட்டது. மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோக நாற்பத்திரண்டு பொட்டலம் தேக்கிலையில் கட்டியிருந்தோம், தலையை எண்ணித்தான். எல்லாரும் போன பிறகு பார்த்தால் பாயோரத்தில் ஒன்று மீந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல தொடைக்கறி வேறு. வீணாக்குவானேன் என்று நானே சாப்பிட்டேன்.

கம்பெனியின் படிவத்தில் "எதிர்ப்பு ஏதும் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை. ஊர் ஒருமனதாக ஒப்புக்கொண்டது" என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் நகலை, கிராம அலுவலகத்தில் முத்திரை போட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நீ பிறந்ததில் அவர்களுக்கு என்ன சந்தேகமோ! நான் பக்கத்தில் இருந்தேன், பிறந்தாய் என்று வேண்டுமானால் சாட்சி சொல்கிறேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
வினார்சி


கெடுங்சாரி,
நவம்பர் 23

தம்பி ஹானுங்,

கோபத்தோடு எழுதக் கூடாது என்று நாலு நாள் பொறுத்திருந்தேன். கோபத்தில் பாதி என்மேல், பாதி உன்மேல். நல்லவேளை நீ தூரத்தில் இருக்கிறாய்.

அப்பா காலத்திலிருந்து நாம் என்ன செய்வோம், உனக்குத் தெரியும். மாவெடுத்து மிஞ்சுகிற புளித்தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்து, முதல் மழை கொட்டும்போது மதகைத் திறந்துவிடுவோம். மழைத்தண்ணீரோடு கலந்து கடலுக்கு ஓடிவிடும். நாற்றமும் தெரியாது. இந்த வருஷமும் மழை இருட்டிக்கொண்டு வந்தது, நான் திறக்கச் சொன்னேன். சுத்திகரிப்புக் குளம் தோண்டும்வரை திறக்கக் கூடாது என்று உன் திட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஞாபகமும் இருந்தது. "இந்த ஒரு தடவை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை அரை நாள் பெய்துவிட்டு நின்றது. அப்புறம் நாலு நாள் சுள்ளென்று வெயில். கால்வாயில் ஓட்டமே இல்லை. அத்தனை புளித்தண்ணீரும் மீன்குளங்களின் வாயில் போய் நின்றுகொண்டது.

ஏழு குளம் போயிற்று, ஹானுங். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த பால்மீன் எல்லாம். விடியற்காலையில் திரிமோ அண்ணனோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறாகத்தான் தெரிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. "வாங்க இபு" என்று வழிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆலைக்கு எதிரே கால்வாய்க் கரையில் காஸ்டி உட்கார்ந்திருந்தான். உன்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன், உன் சைக்கிளில் பாதி நாள் பின்னால் உட்கார்ந்து வந்தவன். அவன் பெண்டாட்டி ருமியாத்தி நம்மிடம்தான் கிழங்கு உரிக்கிறாள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு இளைப்பாறுகிறான் என்று நினைத்து டீ கொடுத்தனுப்பினேன். பத்து மணிக்கும் அங்கேயே இருந்தான். டீயும் தொடாமல் இருந்தது. பக்கத்தில் நிழல் இருக்க, நடு வெயிலில் எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்று திரிமோ அண்ணனிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "டீக்கு உக்காரல இபு. வெயிலுக்குத்தான் உக்காந்திருக்கான். சட்டையப் பாருங்க" என்றார்.

வெள்ளைச் சட்டை. அரசர் காலத்தில் அநியாயம் நேர்ந்தவன் வெள்ளை உடுத்தி அரண்மனைக்கு முன்னால் வெயிலில் போய் உட்காருவான், கத்த மாட்டான், அரசர் கூப்பிட்டுக் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டான் என்று சரித்திரப் பாடத்தில் படித்தோமே, அதேதான். பாடப் புத்தகத்தில் இருந்தது என் ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. மறுநாள் பதினொரு பேர் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் நான் நேரே உரிக்கிற கொட்டகைக்குப் போனேன். ருமியாத்தி தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில். புருஷன் வெளியே வெயிலில், இவள் உள்ளே என் கிழங்கோடு. எனக்குத் தாங்கவில்லை. "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதுக்குத்தானே பெட்டி மாட்டி வெச்சேன்?" என்று கத்திவிட்டேன். அறுபது கத்தியும் நின்றுவிட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "சொன்னோமே இபு. கந்தூரியில அவரு சோத்துப் பொட்டலத்த எடுக்காம வந்தாரே, நீங்க பாக்கலியா?"

பார்த்தேன், தம்பி. பார்த்தது மட்டுமா, தின்றேன்.

நீயும் நானும் இந்த ஊரில் பிறந்தவர்கள். ஒருத்தர் வீட்டில் போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரும் "மாட்டேன்" என்று சொல்வதில்லை. அதிகபட்சம், கையில் கொடுத்ததை வாங்காமல் எழுந்து போவான். அதைவிட உரக்க நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. நீ இருபத்திரண்டாம் பக்கத்தில் பெட்டி மாட்டச் சொன்னாய், நான் சோறு போட்டுச் சம்மதம் கேட்டேன். இரண்டு பேருக்கும் மூளை எங்கே போயிருந்தது?

வெளியே போனேன். ஆபீசுக்கு வாருங்கள் என்று கூப்பிடத்தான் போனேன். அங்கே நிற்க எனக்கே அசிங்கமாக இருந்தது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காஸ்டி என்னை எப்போதும் அக்கா என்பான். அன்றைக்கு, "திட்டம் நல்ல திட்டந்தான் இபு. அதுல எங்க குளம் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டான்.

திட்டத்தை எடுத்துவரச் சொல்லி அவன் எதிரிலேயே புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் வரைபடம். ஆலை இருக்கிறது, கால்வாய் இருக்கிறது. கால்வாயிலிருந்து ஓர் அம்புக்குறி, அதன் முனையில் "கடல்". நடுவில் ஒன்றுமே இல்லை. நீ நீச்சல் பழகினது அந்தக் குளத்தில்தானே, ஹானுங்? அவன் அப்பாதானே உன் இடுப்பில் துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்? "அவனுக்கு மறந்திருக்காது, இடம் பத்தியிருக்காது" என்று காஸ்டியே உனக்காகப் பேசினான். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

ஆலையை நிறுத்திவிட்டேன். கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன்: "எதிர்ப்பு இல்லை என்று எழுதியது தவறு. எதிர்ப்பு இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஏழு குளத்து மீன் செத்தது எங்களால்." அனுப்பாதீர்கள், பருவம் முழுக்கப் போய்விடும் என்று திரிமோ அண்ணன் கெஞ்சினார். அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

நீ சாப்பிட்டாயா? உன் போன கடிதம் ரொம்பச் சின்னது.

உன் அக்கா,
வினார்சி


கெடுங்சாரி,
ஜனவரி 9

என் அருமைத் தம்பி ஹானுங்குக்கு,

நலம்தான். மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை, எனக்கு முழங்கால் வலி. மற்றபடி குறையில்லை.

நல்ல சேதி முதலில். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆனால், வருகிற ஜூலையில் பருவம் தொடங்குமுன் சுத்திகரிப்புக் குளம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மாவு எடுக்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். திரிமோ அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் முகர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்டால், "நல்ல சேதியா கெட்ட சேதியான்னே புரியல இபு" என்றார்.

ஊராரோடு மறுபடி பேசினேன். இந்தத் தடவை சோறு இல்லை, மோதினார் இல்லை. அவர்களுடைய குளக்கரைக் குடிசையில், அவர்கள் இடத்தில், நான் விருந்தாளியாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொண்டுபோகவில்லை. அப்பப்பா, என்ன பேச்சு! என் ஆலைச் சங்கு விடியுமுன்னே ஊதிக் குழந்தைகளை எழுப்புவதிலிருந்து, அப்பா காலத்தில் மூடின நடைபாதைவரை எல்லாம் வெளியே வந்தது. ருமியாத்தி எழுந்து, "முக்காலி உசரம் பத்தல இபு, முட்டி மடங்குது, அதான் தரையில உக்கார்றோம். எங்க அளவுக்குச் செஞ்சு குடுத்தா உக்கார மாட்டோமா?" என்று கேட்டாள். கேட்டால்தானே தெரிகிறது? அளவெடுத்துத் தச்சனிடம் கொடுத்தாயிற்று. இரண்டு மணி நேரம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

செத்த மீனுக்கு ஈடாக ஏழு குளத்துக்கும் புதிதாக மீன்குஞ்சு விட்டுக் கொடுத்தாயிற்று. இனிமேல் நம் தொட்டி மதகுக்குப் பூட்டு. சாவி காஸ்டியிடம். அவன் தண்ணீரைப் பார்த்துச் சரி என்றால்தான் திறக்கும். என் ஆலைச் சாவி இன்னொருத்தன் இடுப்பிலா என்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன்: என்னிடம் இருந்தால் நான் மறுபடி "இந்த ஒரு தடவை" என்பேன். உன் நாற்பத்தாறு பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்.

இப்போது கஷ்டமான சேதி. மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சுத்திகரிப்புக் குளத்தை ஆலைக்குப் பின்புறம் தோண்டலாம் என்று நீ வரைந்திருந்தாய். திரிமோ அண்ணன் ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்தார். பின்புறம் மேடு. மோட்டார் வைத்து ஏற்றலாம் என்று நீ எழுதியதையும் குடிசையில் படித்துக் காட்டினேன். "கரண்டு போனா தண்ணி எங்க இபு போகும்?" என்று காஸ்டி கேட்டான். எல்லாருக்கும் பதில் தெரியும், நேரே மீன்குளங்களுக்கு. தானாகத் தண்ணீர் இறங்குகிற பள்ளம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆலைக்கும் கால்வாய்க்கும் நடுவில். உன் மனை.

உன் வீட்டுக்கென்று அப்பா ஒதுக்கிய மனை அது. உனக்குச் சுன்னத்து செய்த வருஷம், கதவுக்கும் தூணுக்கும் ஆகட்டும் என்று அவர் நட்ட ஒன்பது தேக்கும் அங்கேதான் நிற்கின்றன. கந்தூரிக்கு அதிலிருந்துதான் இலை பறித்தோம். குளம் தோண்டினால் ஒன்பதும் போகும். அந்த இடத்தில் பிறகு வீடு கட்ட முடியாது. புளித்தண்ணீர்க் குளம், மேலே கறுப்பு விரிப்பு, அதற்குள் தண்ணீர் நொதித்து வருகிற வாயுவில் மாவு உலர்த்துகிற அடுப்பு எரியும். இதுதான் உன் மனையின் தலையெழுத்தாக ஆகும்.

கேட்கிறேன், தருவாயா?

தர மாட்டேன் என்று நீ எழுதினால் எனக்கு வருத்தம் வராது, சத்தியமாக. நான் பயப்படுவது வேறு. "சரி அக்கா, எடுத்துக்கொள்" என்று ஒரே வரியில் உடனே எழுதிவிடுவாயோ என்றுதான் பயப்படுகிறேன். பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கப் போனபோது கிராம அலுவலகத்து எழுத்தர் பெண், "படிப்பு முடிஞ்சு ஊருக்கு வர்றவங்க இத கேக்க மாட்டாங்க இபு. அங்கயே இருக்கப் போறவங்கதான் கேப்பாங்க" என்றாள். உன் வேலையைப் பார் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் இருக்கிறாய், எனக்குத் தெரியும். நம் ஊர்க்காரன்தானே நீயும்.

அங்கே உனக்கு வேலை கிடைத்திருந்தால் நல்லதுதான். நான் வழியில் குறுக்கே விழமாட்டேன். ஆனால் எனக்குச் "சரி" வேண்டாம், ஹானுங். போன வருஷம் நாற்பத்திரண்டு பேர் சொன்ன சரியைக் கேட்டு மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தேன், போதும். கோபம் வந்தால் கோபமாக எழுது. அந்த மனையை நினைத்துத்தான் இத்தனை வருஷம் குளிரில் இருந்தேன் என்றால் அதை எழுது. அதை நினைத்தே நாளாயிற்று என்றாலும் எழுது.

பின்புற மேட்டு நிலம் என் பங்கு. அதை உன் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தண்ணீர்தான் மேட்டுக்கு ஏறாது, ஆள் ஏறலாம். தேக்கை வெட்டினாலும் விற்க மாட்டேன். பலகையாக அறுத்துக் கிடங்கில் மூங்கில் கட்டைமேல் அடுக்கி வைப்பேன். கறையான் தொடாது. எத்தனை வருஷமானாலும் கெடாது, நீ அவசரப்பட வேண்டாம்.

தோண்டுகிற அன்றைக்கு ஒரு சின்னக் கந்தூரி வைக்கச் சொல்லிக் காஸ்டியே கேட்டிருக்கிறான். "இந்தத் தடவ நான் பொட்டலத்த எடுத்துட்டுத்தான் போவேன் அக்கா, கோழிய மட்டும் பெருசா வைங்க" என்றான். இன்றைக்குத்தான் மறுபடி அக்கா என்றான். நாற்பத்திரண்டு கட்டச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சேர்த்து ஒன்று, நாற்பத்து மூன்று.

அது மீந்தால் இந்தத் தடவை நான் சாப்பிட மாட்டேன், தம்பி. ஏன் மீந்தது என்று தெரியாமல் என்னால் விழுங்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் கடவுள் உன்னைக் குளிரவைக்காமல் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அக்கா வினார்சி